லஸ்கென்டைர்: காலி செய்யப்பட்ட ஒரு கடற்கரை

பயணப் பத்திரிகைகள் வருஷா வருஷம் போடும் ‘அழகான கடற்கரைகள்’ பட்டியல்களில் ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று அடிக்கடி தலைகாட்டும்: லஸ்கென்டைர். படத்தை மட்டும் காட்டினால் அது ஸ்காட்லாந்து என்று யாரும் நம்ப மாட்டார்கள். வெள்ளை வெளேர் என்ற மணல், கரையோரம் வெளிர்பச்சை, தள்ளிப் போகப் போக நீலம். தென்னை மரம் ஒன்றுதான் குறை. காலை நனைத்தால்தான் குட்டு உடையும். வடக்கே கிட்டத்தட்ட 58 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம்; நடுக்கோடையிலேயே தண்ணீர் 13, 14 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம்.

ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் வெளி ஹெப்ரிடீஸ் என்று ஒரு தீவுக்கூட்டம். அதில் ஹாரிஸ் தீவின் மேற்குக் கரையில்தான் லஸ்கென்டைர் இருக்கிறது. (தீவு என்று சொன்னாலும், வடக்கே லூயிஸ், தெற்கே ஹாரிஸ் இரண்டும் ஒரே நிலத்தின் இரண்டு பாகங்கள்தான்.) ஸ்கை தீவின் ஊய்க் துறையில் கப்பல் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஹாரிஸின் டார்பர்ட். அங்கிருந்து தெற்கே காரில் கொஞ்ச தூரம்.

நாங்கள் போனது ஒரு ஜூன் மாதம். ஜூன் என்றுதான் பெயர், காற்று காதை அறுத்தது. வற்றுக்கடல் நேரம். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், எதிரே டரன்ஸே தீவு, பின்னால் வடக்கு ஹாரிஸின் மலைகள். ஏழெட்டுப் பேர் இருந்திருப்போம். கூட வந்த நண்பர் கேட்டார்: “ஏங்க, இவ்ளோ நல்ல இடமா இருக்கு, ஏன் இங்க ஊர்னு ஒண்ணு பெருசா இல்ல? குளிருக்குப் பயந்து யாரும் வரலையா?”

நியாயமான கேள்வி. குளிர்தான் காரணம் என்று நானும் தலையாட்டியிருக்கலாம். ஆனால் இதே தீவின் கிழக்குக் கரையில், இதைவிட நூறு மடங்கு மோசமான நிலத்தில், வரிசையாகக் குட்டிக் குட்டி ஊர்கள் இருக்கின்றன. நல்ல நிலம் காலி, கெட்ட நிலத்தில் ஜனங்கள். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மணலே எரு

முதலில் மணலைப் பற்றி. லஸ்கென்டைரின் வெண்மைக்குக் காரணம் சிப்பி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அட்லாண்டிக் அலைகள் சிப்பி, கிளிஞ்சல் ஓடுகளை அரைத்துக் கரையில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அதாவது இந்த மணலில் பெரும் பங்கு சுண்ணாம்பு. ஹாரிஸின் உள்நிலமெல்லாம் புளிப்பேறிய சதுப்புக்கரி மண். அதில் ஒன்றும் உருப்படியாக விளையாது. ஆனால் மேற்குக் காற்று இந்தச் சுண்ணாம்பு மணலை வாரிக் கொண்டுபோய் அந்தச் சதுப்பின் மேல் தூவும்போது புளிப்பு முறிகிறது. கடலோரமாக ஒரு பச்சைச் சமவெளி உருவாகிறது. இதற்குக் கேலிக் மொழியில் ‘மாஹர்’ என்று பெயர். உலகத்திலேயே இந்த வகை நிலம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து மேற்குக் கரைகளில் மட்டும்தான் இருக்கிறது.

கரையில் ஒதுங்கும் கடற்பாசியை அள்ளிப் போட்டால் போதும், பார்லியும் ஓட்ஸும் விளையும். பின்னாளில் உருளைக்கிழங்கும் வந்தது. மாடு மேய்க்கப் புல் இருந்தது. அதனால் மனிதர்கள் இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குடியிருந்திருக்கிறார்கள். லஸ்கென்டைருக்குத் தெற்கே நிஸபாஸ்ட் கரையில் ‘மக்லௌட் கல்’ என்று 3 மீட்டர் உயர நெடுங்கல் ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. புதிய கற்காலத்தது. மக்லௌட் என்பது பிற்காலத்தில் இந்தத் தீவை ஆண்ட குலத்தின் பெயர். கல்லுக்கு அந்தக் குலத்தைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் வயது அதிகம்.

ஆக, ‘மனிதன் கால் படாத கடற்கரை’ என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வது இந்த இடத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாது. தீவிலேயே அதிகமாகக் கால் பட்ட இடம் இதுதான்.

கடற்பாசியும் காரமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு ஒரு யோகம் அடித்தது. யாருக்கு யோகம் என்பதுதான் கேள்வி.

சோப்பு செய்ய, கண்ணாடி செய்யக் காரம் வேண்டும். நம் ஊரில் துணி வெளுப்பவர்கள் உவர்மண்ணைப் பயன்படுத்தினார்களே, அதே சங்கதிதான். பிரிட்டன் அதுவரை ஸ்பெயினிலிருந்து ‘பரில்லா’ என்ற செடிச் சாம்பலை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. நெப்போலியன் போர்கள் வந்ததும் அந்த வழி அடைபட்டது. மாற்று என்ன? கடற்பாசியை எரித்த சாம்பல். அதற்கு ‘கெல்ப்’ என்று பெயர்.

வேலை லேசுப்பட்டது இல்லை. வற்றுக்கடலில், எலும்பு வரை குளிரும் தண்ணீரில் நின்று பாசியை அரிவாளால் அறுக்க வேண்டும். கூடையில் போட்டு முதுகில் சுமந்து கரையேற்ற வேண்டும். உலர்த்தி, கல் பாவிய குழியில் போட்டு மணிக்கணக்கில் எரித்து, உருகி வரும் பிசினை இரும்புக் கம்பியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறியதும் பாறை மாதிரி இறுகும். சுமார் 20 டன் ஈரப்பாசியை எரித்தால் 1 டன் கெல்ப். ஆண், பெண், குழந்தைகள் என்று குடும்பமே கோடை முழுக்க இதில் கிடந்தது.

விலை உச்சத்தில் இருந்தபோது 1 டன் 20 பவுண்ட் வரை போனது. எரித்தவர்களுக்குக் கிடைத்தது 2, 3 பவுண்ட். மீதி நில உடைமையாளருக்கு. கரை அவருடையது, எனவே பாசியும் அவருடையது. வயலுக்கு எருவாகப் போக வேண்டிய பாசி சூளைக்குப் போனது என்பது இன்னொரு நஷ்டம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கெல்ப் காலத்தில் நில உடைமையாளர்களுக்கு ஆள் வேண்டும். அதனால் நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு குடும்பம் முழுசாகப் பிழைக்க முடியாது. பாசி எரிக்க வந்துதான் ஆக வேண்டும். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போய்விடலாம் என்று ஜனங்கள் நினைத்தபோது, 1803இல் நாடாளுமன்றம் பயணிகள் கப்பல் சட்டம் கொண்டுவந்தது. கப்பலில் இத்தனை பேர்தான், இவ்வளவு உணவு இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். படிக்க மனிதாபிமானமாகத்தான் இருக்கும். பலன், டிக்கெட் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் மேட்டுநில நிலப்பிரபுக்களின் அழுத்தமும் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்வது.

1815இல் போர் முடிந்தது. ஸ்பானிய சாம்பல் மறுபடி வந்தது. 1820களில் இறக்குமதி வரி குறைந்தது, உப்பு வரியும் ஒழிந்தது. உப்பிலிருந்தே காரம் தயாரிக்கும் லெப்லாங்க் முறை லிவர்பூல் பக்கம் ஆலைகளாக எழுந்தது. கெல்ப் விலை தரைமட்டம்.

நேற்றுவரை ‘போகாதே’ என்று பிடித்து வைத்திருந்த அதே ஜனங்கள் ஒரே தலைமுறைக்குள் ‘உபரி’ ஆகிப்போனார்கள்.

ஆடுகள் வந்தன

ஹாரிஸின் மக்லௌட் உடைமையாளர்கள் கடனில் மூழ்கினார்கள். 1834இல் தீவு டன்மோர் பிரபுவுக்கு 60,000 பவுண்டுக்குக் கைமாறியது. இந்த விற்பனைக்கு முன்னும் பின்னும், சுமார் 1820களிலிருந்து 1850கள் வரை, மேற்குக் கரையின் ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்யப்பட்டன. லஸ்கென்டைர், செய்லபாஸ்ட், நிஸபாஸ்ட், போர்வ், ஸ்காரிஸ்டா. வாடகை பாக்கி வைக்கும் நூறு குடும்பங்களைவிட, ஒழுங்காகப் பணம் கட்டும் ஒரே ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர் மேல் என்பது கணக்கு. ஆடு எங்கே நன்றாகக் கொழுக்கும்? நல்ல புல் இருக்கும் மாஹரில்தான்.

காலி செய்யும் வேலையைப் பெரும்பாலும் பண்ணையின் காரியஸ்தர்தான் பார்த்தார். நம் ஜமீன் கதைகளில் வரும் காரியஸ்தரை நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இல்லை. பிரபு எங்கேயோ இருப்பார். வாடகை வசூல், வெளியேற்றும் நோட்டீஸ் எல்லாம் இவர் கையில். போர்வ் மக்கள் போக மறுத்தபோது 1839இல் படையே அனுப்பப்பட்டது. பாசி அறுத்துக்கொண்டிருந்த ஜனங்களை வெளியேற்றத் துப்பாக்கியோடு சிப்பாய்கள்.

போனவர்களில் பலர் கப்பல் ஏறிக் கனடாவின் கேப் பிரிட்டன் பக்கம் போனார்கள். மற்றவர்கள் தீவின் கிழக்குக் கரைக்குத் தள்ளப்பட்டார்கள்.

பாறையில் ஒரு பாத்தி

கிழக்குக் கரைக்கு ‘பேஸ்’ என்று பெயர். குடாக்கள் என்று அர்த்தம். மேற்கிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் வேறு உலகம். மண்ணே கிடையாது. கிட்டத்தட்ட 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் பாறை, சாம்பல் நிறத்தில், மொட்டையாக, மேடும் பள்ளமுமாக. நடுநடுவே கறுப்புக் குட்டைகள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் இதைக் கேளுங்கள்: ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் கடைசிப் பகுதியில், வேற்றுலகின் தரையாக வரும் காட்சிகளுக்கு ஹாரிஸை விமானத்திலிருந்து படம் பிடித்து நிறம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். வேற்றுக் கோள் என்று சொன்னால் உலகம் நம்பிய நிலப்பரப்பு அது.

அங்கே எப்படி விவசாயம் செய்வது? மண்ணை உண்டாக்கினார்கள். பாறை இடுக்குகளில் கிடந்த கொஞ்சம் சதுப்பு மண், கடலிலிருந்து முதுகில் சுமந்து வந்த பாசி இரண்டையும் மாற்றி மாற்றிக் குவித்து மேட்டுப்பாத்தி கட்டினார்கள். இருபுறமும் வடிகால். சில பாத்திகள் ஒரு கட்டில் அளவுகூட இருக்காது. அதில் உருளைக்கிழங்கு. இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ‘லேஸி பெட்’. சோம்பேறிப் பாத்தி! ஏர் ஓட்டாமல் விதைப்பதால் வந்த பெயராம். அதைக் கட்டியவர்கள் கேலிக்கில் ‘ஃபெனகன்’ என்றார்கள். அந்தச் சொல்லில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை.

1846இல் உருளைக்கிழங்கு நோய் வந்தது. அயர்லாந்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற அதே நோய். அதை மட்டுமே நம்பியிருந்த பேஸ் மக்களின் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்தப் பஞ்ச காலத்தில்தான் பிரபுவின் விதவை கேத்தரின் டன்மோர் சீமாட்டி, தீவுப் பெண்கள் வீட்டுத் தறியில் நெய்யும் முரட்டுக் கம்பளித் துணியைத் தன் பணக்கார நண்பர்களிடம் விற்க ஏற்பாடு செய்தார். இன்று உலகப் புகழ் பெற்ற ஹாரிஸ் ட்வீட் அப்படித்தான் சந்தைக்கு வந்தது. வெளி ஹெப்ரிடீஸில், நெசவாளியின் வீட்டில், கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் போட முடியும் என்று 1993இல் தனிச் சட்டமே இருக்கிறது. சீமாட்டி செய்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நெய்த பெண்களில் பலர் அந்தத் துணியை நம்பிப் பிழைக்க வேண்டி வந்ததற்குக் காரணம், அவர்கள் குடும்பத்து நிலத்தில் ஆடு மேய்ந்ததுதான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிணப்பாதை

எனக்கு இந்த வரலாற்றில் மனதை விட்டுப் போகாத பகுதி இது.

கிழக்கே மண் இல்லை என்று சொன்னேன். பயிருக்கு மட்டுமா மண் வேண்டும்? புதைக்கவும் வேண்டும். பாறையில் ஆறடி எங்கே தோண்டுவது? அதனால் கிழக்கில் ஒருவர் இறந்தால், பெட்டியைத் தோளில் சுமந்து, மலைக் கணவாய் வழியாகத் தீவின் குறுக்கே நடந்து, மேற்குக் கரைக்குக் கொண்டுவந்து, லஸ்கென்டைர் மணலோரத்து இடுகாட்டில் புதைத்தார்கள். சுமப்பவர்கள் நின்று தோள் மாற்றிய இடங்களில் கல் குவியல்கள். அந்தப் பாதைக்கு இன்றும் பிணப்பாதை என்றுதான் பெயர். நடைப்பயணக்காரர்கள் விரும்பி நடக்கும் பாதையாகிவிட்டது.

நான் அதில் முழுதும் நடக்கவில்லை. செய்லபாஸ்ட் பக்கமிருந்து ஏறிக் கணவாய் வரை போய்த் திரும்பினேன். தோளில் சுமை இல்லாமலே மூச்சு வாங்கியது. மேலே நின்றால் ஒரு பக்கம் கற்காடு, மறுபக்கம் அந்த வெள்ளை மணல்.

உயிரோடு இருந்தவரை எந்த நிலத்தில் கால் வைத்துக் குடியிருக்க விடவில்லையோ, அந்த நிலத்துக்குச் செத்த பிறகுதான் அவர்களால் திரும்ப முடிந்தது.

சட்டம், சோப்பு, மறுபடி நிலம்

1880களில் ஸ்கை தீவில் குடியானவர்கள் திருப்பி நின்றார்கள். அரசு 1883இல் நேப்பியர் ஆணையத்தை அமைத்தது. ஆணையம் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது, ஹாரிஸுக்கும் வந்தது. பேசினால் வெளியேற்ற மாட்டோம் என்று உறுதி கொடுத்தால்தான் வாய் திறப்பேன் என்று ஸ்கையில் முதல் சாட்சியே சொன்னார் என்றால், காரியஸ்தர்கள்மேல் இருந்த பயத்தைப் புரிந்துகொள்ளலாம். 1886இல் குடியானவர் சட்டம் வந்தது. நியாய வாடகை, வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு. மகத்தான சட்டம். ஆனால் அது இருக்கிறவர்களை இருக்கிற இடத்தில் காப்பாற்றியது. பாறையில் இருந்தவருக்குப் பாறையில் நிரந்தர உரிமை! பிடுங்கிய மாஹரைத் திருப்பித் தரவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு சோப்பு வியாபாரி. நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் சன்லைட், லைஃப்பாய் சோப்புகளைச் செய்த லீவர் சகோதரர்கள் நிறுவனத்தின் வில்லியம் லீவர், லீவர்ஹியூம் பிரபு. 1918இல் லூயிஸையும் அடுத்த வருஷம் ஹாரிஸையும் வாங்கினார். சோப்புக்குக் காரம் எரித்த தீவை, சோப்பில் சம்பாதித்த காசு வாங்கியது! மீன் தொழிலை வைத்து ஒரு நவீன நகரமே கட்டலாம் என்பது அவர் கனவு. தெற்கு ஹாரிஸின் ஆப் என்ற ஊருக்கு 1920இல் லீவர்பர்க் என்று தன் பெயரை வைத்தார்.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேண்டியதோ நிலம். போருக்குப் போகும்போது அரசு வாக்குக் கொடுத்திருந்தது. லூயிஸில் அவர்கள் பண்ணைகளுக்குள் புகுந்து மாட்டைக் கட்டி, கிழங்கு நட்டார்கள். லீவர்ஹியூமுக்கு இது புரியவே இல்லை. நல்ல சம்பளத்தில் வேலை தருகிறேன் என்கிறேன், ஏன் இந்தத் துண்டு நிலத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள்? கெல்ப் விலை விழுந்தபோது என்ன நடந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சம்பளத்தின் ஆயுள் எவ்வளவு என்று தெரியும். 1925இல் அவர் இறந்ததும் லீவர்பர்க் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் பயந்தது சரிதான்.

1919ஆம் ஆண்டின் நிலக்குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு மேற்கு ஹாரிஸின் பண்ணைகள் மெல்ல மெல்லத் துண்டு நிலங்களாகப் பிரிக்கப்பட்டன. சில குடும்பங்கள் திரும்பி வந்தன. இன்று லஸ்கென்டைர் சாலையோரம் தெரியும் அந்தச் சில வீடுகள் அந்த மறுகுடியேற்றத்தின் மிச்சம். 2010இல் லஸ்கென்டைர், போர்வ், ஸ்காரிஸ்டா உள்ளிட்ட நிலப்பகுதியை அரசிடமிருந்து அங்கே வாழும் மக்களின் அறக்கட்டளையே வாங்கியது. இப்போது நில உடைமையாளர் அந்த ஊர்க்காரர்கள்தான்.

கதை சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பில் ஹாரிஸ் முழுவதுக்கும் மக்கள்தொகை 2000க்குக் கீழே. கடற்கரை புகழ் பெறப் பெற விடுமுறை வீடுகள் கூடுகின்றன, வீட்டு விலை ஏறுகிறது, ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பது கஷ்டமாகிறது. ஆடு போய்ச் சுற்றுலா. அறக்கட்டளை உள்ளூர்க் குடும்பங்களுக்காக வீட்டு மனைகள் ஒதுக்குவதும், வாடகை வீடுகள் கட்டுவதும் இதனால்தான்.

‘ஆளரவமற்ற’ என்ற சொல்லை நாம் புகழ்ச்சியாகவே பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஓர் இடம் காலியாக இருந்தால் அது அப்படியே பிறந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். லஸ்கென்டைர் விஷயத்தில் அந்த அமைதிக்குத் தேதி இருக்கிறது, விலை இருக்கிறது, கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் இருக்கிறது.

நீங்கள் எப்போதாவது அங்கே போக நேர்ந்தால் கண்டிப்பாக மணலில் நடங்கள், அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கே கிழக்குக் கரைச் சாலையிலும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போவது நல்லது. அப்போதுதான் பாறைகளுக்கு நடுவே அந்தப் பாத்திகளின் வரிவரியான நிழல் தெளிவாகத் தெரியும். பல தலைமுறையாக யாரும் எதுவும் நடாமல் விட்ட பாத்திகள்கூட இன்னும் அழியவில்லை.